பெறப்படவில்லை

நாகர்கோவிலில் மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
காலை எட்டரைக்குக் கணினியைத் திறந்தால்
நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக வருவார்கள்
முகம் இல்லாமல்.
குளச்சல், தக்கலை, அருமனை, பூதப்பாண்டி.
நேற்றிரவு யார் நெஞ்சு எத்தனை தரம் தடுக்கியது,
யார் நடையைக் குறைத்துக்கொண்டார்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
அவர்கள் வீட்டு நாயின் பெயர் தெரியாது.

நாற்பத்தொன்றாவது வரிசை லீலாபாய்.
ஐம்பத்தேழு வயது, கீரிப்பாறை, ரப்பர் பால்வெட்டு.
இடது காறையெலும்புக்குக் கீழே
தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.
கட்டிலோரம் வைக்க வெள்ளைப் பெட்டி ஒன்று கொடுத்தோம்.
இரவு இரண்டு மணிக்கு அது அவளைத் தேடும்.
அவள் ஒன்றரைக்கே
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு
மலையேறியிருப்பாள்.

பெறப்படவில்லை, என்று சாம்பல் எழுத்தில் வரும்.
பெறப்படவில்லை.
பெறப்படவில்லை.

பெட்டியையும் கூடவே தூக்கிப் போகலாமா என்று
கம்பெனிக்காரரிடம் கேட்டேன். சிரித்தார்.
நோயாளி என்றால் இரவில் உறங்குவார் என்று
எங்கேயோ யாரோ நினைத்துச் செய்த பெட்டி.

மழை பெய்தால் மட்டும் வருவாள்.
மரம் நனைந்தால் வெட்டு கிடையாது.
ஓட்டின்மேல் மழை கொட்ட அவள் படுத்திருப்பாள்,
கருவி
சேர்த்து வைத்த பத்து நாளையும்
ஒரே மூச்சில் ஒப்பிக்கும்.
பேச்சிப்பாறை நீர்மட்டம் பேப்பரில் வருவதற்கு முன்பே
மலையில் மழை என்று கேன்டீனில் சொல்வேன்.
எந்தச் சேனல் பார்க்கிறாய் என்பார்கள்.

தை பிறந்து ஒரு சொட்டு மழை இல்லை.
லீலாபாய் வந்தாள்.
மறுநாளும் வந்தாள், பச்சை எழுத்தில்,
ஒழுங்கான நோயாளியைப் போல.
முதல் நாலு நாள் சந்தோஷப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.
ஒன்பதாம் நாள் வயிறு கலங்கியது.

கீரிப்பாறையில் மணி அடிக்க வேண்டுமானால்
அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்க வேண்டும்.
ஏழாவது தடவை எடுத்தாள்.
படுக்கையாயிட்டியளா?
"ஸ்டிரைக்கு பிள்ளே. கூலி கூட்டித் தரணும்.
இண்ணையோட ஒம்பது நாள்.
உனக்க கம்ப்யூட்டர்ல அது வராதா?"

வரவில்லை.
வந்திருந்தது வேறொன்று.
நுரையீரல் கோடு ஐந்தாம் நாளிலிருந்து இறங்குகிறது.
கோடு இறங்கினால் உள்ளே தண்ணீர் ஏறுகிறது.
என்ன சாப்பிடுதிய?
பந்தலில் எல்லாருக்கும் சேர்த்துக் கஞ்சி.
தொட்டுக்க?
கொஞ்சம் யோசித்தாள்.
நெத்திலிக் கருவாடு.
நீர் மாத்திரை?
அவளுக்குப் பின்னால் யாரோ கோஷம் போட்டார்கள்.
அது ஓய்ந்ததும்
"பாதி" என்றாள்.
"கூலி வந்த பொறவு முழுசா போடுவேன்."

டாக்டரிடம் சொன்னேன். அளவைக் கூட்டச் சொன்னார்.
பாதியைக் கூட்டினால் எவ்வளவு என்று
நான் கேட்கவில்லை.
நாலு அட்டை வாங்கி, பேர் எழுதி,
கீரிப்பாறை போகும் கடைசி பஸ்ஸில்
கண்டக்டர் ஜெபஸ்டின் கையில் கொடுத்தேன்.
யாருக்கு என்றார்.
பந்தலில் லீலாபாய் என்றால் தெரியும் என்றேன்.
எனக்கே அவள் முகம் தெரியாது.

அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம்.
உப்பு, மருந்து தவறியது, தொற்று, பிற.
வேலைநிறுத்தம் இல்லை.
பிற, என்று அழுத்தினேன்.

கோடு மெல்ல ஏறியது.
ஒவ்வொரு காலையும் அதை முதலில் பார்த்தேன்,
நூற்றுப் பதினோரு பேரைக் காக்க வைத்து.

பதினேழாம் நாள் நாற்பத்தொன்று சாம்பல்.
பெறப்படவில்லை.
எவ்வளவு கூட்டிக் கொடுத்தார்கள் என்று
எந்தக் கருவி சொல்லும்?
டீ டம்ளரோடு வராந்தாவுக்குப் போய்
வடக்கே மலைப்பக்கம் பார்த்தேன்.
ஒரு மேகம் இல்லை.